பிரேக்கிங் தரை: கோளாறைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

“விண்ட்மில் வரவே மாட்டேன் என்கிறது” என்று பிரேக்கிங் (பிரேக்டான்ஸ்) பழகும் யாராவது, முதுகிலும் தோளிலும் உருண்டு சுழலும் அந்த அசைவைப் பற்றிச் சொன்னால், அவர் ஆடிக்காட்டுவதற்கு முன்பே நான் குனிந்து தரையில் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்ப்பேன். பல ஆண்டுகளில் வந்த பழக்கம் இது. சுரங்கப்பாதை, மொட்டைமாடி, பள்ளி அரங்கம், கார் நிறுத்துமிடம், ஜூடோ கூடம் என்று எங்கெங்கோ பயிற்சி செய்திருக்கிறேன். திரும்பத் திரும்ப அதே எட்டொன்பது கோளாறுகள்தான் வருகின்றன. அவற்றைச் சரிசெய்யச் சரிசெய்ய மனத்தில் படிந்த வரிசையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் கோளாறுக்குரிய தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் இருக்கும். செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள். நடுவில் தாவினால், சட்டையை மாற்றியிருந்தாலே தீர்ந்திருக்கும் சிக்கலுக்குப் பலகை வாங்கிவிடுவீர்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கைக்கும் காலுக்கும் பிடிமானம் வேண்டும். முதுகுக்கும் தோளுக்கும் தலைக்கும் வழுக்கல் வேண்டும். இரண்டையும் ஒரே தரையிடம் கேட்கிறோம். எந்தத் தரையும் இரண்டையும் முழுதாகத் தராது. ஆகவே தரையைக் கைக்கு ஏற்றதாக வைத்துக்கொள்ளுங்கள், முதுகுக்கு வேண்டிய வழுக்கலைத் துணியிடம் கேளுங்கள். கீழே உள்ள வைத்தியங்களில் பெரும்பாலானவை இதிலிருந்து வருபவைதான்.

கோளாறு: சுழற்சி ஒரு சுற்றிலேயே நின்றுவிடுகிறது

முதுகில் சுழலும் பேக்ஸ்பின் அரைச் சுற்றில் திணறுகிறது; விண்ட்மில்லில் தோள் தரையைத் தொட்டதும் யாரோ பிடித்து இழுத்ததுபோல் நின்றுவிடுகிறது.

*முதலில் சட்டை.* பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் இதுதான். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பதினாறு வயது மாணவன் ஒருவன் மூன்று வாரமாக விண்ட்மில்லில் ஒரே இடத்தில் சிக்கிக் கிடந்தான். உடற்பயிற்சிக் கூடத்தின் ரப்பர் தரை. அவன் சட்டை முழுக்க நனைந்து, இடுப்பைச் சுற்றிப் பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொண்டிருந்தது. தோள்பட்டையின் பின்புறம் தோல் சிவந்து கன்றியிருந்தது. என் நைலான் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு போனவன் மூன்று சுற்று சுற்றினான். பிறகு எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்து, தான் சுற்றிய இடத்தைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மூன்று வாரமும் அவன் தன் உடம்பைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தான்.

சோதனை எளிது. முழுக்கைச் சட்டை போட்ட முன்கையைத் தரையில் வைத்து, உடல் எடையில் கொஞ்சத்தை அதன்மேல் சாய்த்து, பக்கவாட்டில் இழுங்கள். தடையில்லாமல் சறுக்கினால் தரை நல்லது. சிக்கிச் சிக்கி நகர்ந்தால் அதே இடத்தில் நைலான் துணியை வைத்து மறுபடி இழுங்கள். இப்போது சறுக்குகிறது என்றால் இதற்குமேல் இந்தத் தலைப்பைப் படிக்க வேண்டாம். நைலான் அல்லது பாலியஸ்டர் மேலங்கி ஒன்றும், மாற்றிக்கொள்ள உலர்ந்த உள்சட்டை ஒன்றும் போதும்.

*அடுத்து தரையின் மேல் இருக்கும் படலம்.* தரை துடைக்கும் திரவத்தைத் தேவைக்கு அதிகமாகக் கலந்து துடைத்திருந்தால், காய்ந்த பிறகு மெல்லிய பிசுக்கு தங்கும். பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். வெறுங்காலை வைத்து எடுத்தால் ‘ச்சப்’ என்று ஒட்டி விடுபடும். வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்து, முழுதும் உலரவிடுங்கள். இது ஒரு நாள் துடைத்தால் போய்விடும் பிசுக்கு இல்லை, வாரக்கணக்கில் படிந்தது என்றால் மூன்று நான்கு முறை துடைக்க வேண்டியிருக்கும்.

*தரையின் இயல்பே அப்படி என்றால்.* ரப்பர் தரையும் சொரசொரப்பான சிமெண்டும் சுழல விடாது. நடனக் கூடங்களில் விரிக்கும் வினைல் விரிப்பும் பல நேரங்களில் இந்த வகைதான். அது வெறுங்காலோ மென்காலணியோ வழுக்கக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்டது. ‘நடனத் தரை’ என்ற பெயரை நம்பி ஏமாந்தவர்கள் பலர். இந்தத் தரைகளில் டாப்ராக் (நின்றபடி ஆடுவது), ஃபுட்வொர்க் (கையை ஊன்றிக் காலை ஓட்டுவது), ஃப்ரீஸ் (ஒரு நிலையில் அப்படியே உறைந்து நிற்பது) ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். விண்ட்மில் போன்ற சுழலும் பவர் மூவ்களை வேறு நாளுக்கு, வேறு இடத்துக்குத் தள்ளுங்கள். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் செய்துவிட வேண்டும் என்ற பிடிவாதம்தான் பெரும்பாலும் காயத்தில் முடிகிறது.

*கடைசியாகச் சொந்தப் பலகை.* வேறு இடமே இல்லை என்றால் ஹார்ட்போர்டு வாங்கலாம். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சாக்குத்துணியின் பின்னல்போலவும் இருக்கும் அட்டைப் பலகை அது. வழவழப்பான பக்கம் மேலே இருக்கட்டும். 8க்கு 4 அடிப் பலகைகள் இரண்டைப் பக்கம் பக்கமாகப் போட்டால் 8க்கு 8 அடி கிடைக்கும். பேக்ஸ்பின்னுக்கும், நகராமல் சுழலும் விண்ட்மில்லுக்கும் போதும்.

டால்கம் பவுடர், மெழுகு, சிலிக்கான் ஸ்பிரே ஆகிய மூன்றையும் தரையில் போடாதீர்கள். உங்கள் முதுகு சுழலும். அடுத்து வருபவரின் கால் வழுக்கும். அந்த அரங்கம் அதோடு உங்களுக்கு இல்லை என்று ஆகிவிடும். மரத்தரையின் வார்னிஷ் தேய்ந்து போனதுதான் காரணம் என்று தெரிந்தால், இடத்தின் பொறுப்பாளரிடம் சொல்லி மரத்தரை வேலை தெரிந்தவரை அழைக்கச் சொல்லுங்கள். நாமே மேலே எதையாவது பூசுவது இன்னும் கெடுக்கும்.

கோளாறு: ஃப்ரீஸிலும், கைகளில் எடையைத் தாங்கிக் காலை வட்டமாக வீசும் ஃபிளேரிலும் கை வழுக்கிப் போகிறது

இது மேலே சொன்னதைவிட ஆபத்தானது. சுழற்சி நின்றால் வெட்கம்தான். கை வழுக்கினால் முகமோ முழங்கையோ தரையில் மோதும். ஆகவே காரணம் தெரியும்வரை தலைகீழாக நிற்கும் எதையும் செய்யாதீர்கள்.

*தூசி.* ஈரத்துணியின் ஒரு மூலையை விரலில் சுற்றி, தரையில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கோடு இழுங்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிறக் கோடு விழுந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த மொசைக் தரையில் நான் இப்படி இழுத்தபோது, துணியில் படிந்தது நுண்மணல். ஒவ்வொரு மணியும் உள்ளங்கைக்கு அடியில் உருளைபோல் ஓடும். பெருக்கினால் மட்டும் போகாது. பெருக்கிய பிறகு ஈரத்துணி, அதன் பிறகு உலர்துணி. காலணியின் அடியையும் துடையுங்கள். பாதி மணல் அங்கிருந்துதான் வருகிறது.

*வியர்வை.* உள்ளங்கை நனைந்தால் பளிங்கு, கிரானைட், மெருகேற்றிய டைல்ஸ் எல்லாம் எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும். சின்னத் துண்டு ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு முறையும் கையைத் துடையுங்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் பூசும் வெள்ளைத் தூள் (chalk) கைக்கு உதவும், ஆனால் அது தரையில் உதிர்ந்து அடுத்தவருக்குத் தூசி ஆகிவிடும். பொது இடத்தில் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

*தரையில் ஈரம்.* ஈரக்காற்று வீசும் நாளில் குளிர்ந்த தரைமேல் நீர் பூத்திருக்கும். உள்ளங்கையைப் பத்து நொடி அழுத்தி வைத்து எடுங்கள். சுற்றியுள்ள தரையைவிடக் கை வைத்த இடம் மட்டும் உலர்ந்து வேறு நிறமாகத் தெரிந்தால் தரை வியர்த்திருக்கிறது என்று பொருள். துடைத்தாலும் சிறிது நேரத்தில் மறுபடி பூக்கும். கதவு சன்னல்களை மூடியோ, மின்விசிறியைத் தரையை நோக்கித் திருப்பியோ பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் அன்றைக்கு டாப்ராக் மட்டும் ஆடுங்கள்.

*அடியிலிருந்து ஏறும் ஈரம்.* தரைத்தளத்திலும் நிலவறையிலும் இது உண்டு. ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை எடுத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப்பால் தரையில் ஒட்டி, ஒரு நாள் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ, சிமெண்ட் கறுத்திருந்தாலோ, ஈரம் அடியிலிருந்து வருகிறது. அங்கே பலகை போட்டால் உப்பிவிடும். இதைத் துணியால் துடைத்து வெல்ல முடியாது. கட்டட வேலை தெரிந்தவர் பார்க்க வேண்டிய விஷயம். இடம் உங்களுடையது இல்லை என்றால் வேறு இடம் தேடுவதே நல்லது.

கோளாறு: சுழலும்போது ஒரே பக்கமாக நகர்ந்து போகிறேன்

காரணம் தரையா, உடம்பா என்பதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தரையில் ஒரு குறி வைத்து அதில் தொடங்குங்கள். எந்தச் சுவரை நோக்கி நகர்கிறீர்கள் என்று நண்பரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு எதிர்த்திசையைப் பார்த்து நின்று அதே அசைவைத் தொடங்குங்கள்.

*இரண்டு முறையும் அதே சுவரை நோக்கிப் போனால்* தரை சரிவாக இருக்கிறது. திறந்தவெளித் தரைகளையும் மொட்டைமாடிகளையும் மழைநீர் வடிவதற்காகச் சற்றுச் சாய்த்தே போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது; ஒரு பந்தை விட்டுப் பார்த்தால் தெரியும். நீர் வடியும் குழாயிலிருந்து விலகி, சரிவு குறைந்த பகுதியைப் பந்தை வைத்தே தேடிக்கொள்ளலாம்.

*இரண்டாம் முறை எதிர்ச்சுவரை நோக்கிப் போனால்* தரையின்மேல் பழியில்லை. கை ஊன்றும் இடம், தோள் இறங்கும் கோணம் ஆகியவற்றைக் காணொளி எடுத்துப் பாருங்கள்.

கோளாறு: விரித்த அட்டையோ பலகையோ நகர்கிறது, கிழிகிறது, உப்புகிறது

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970களில் இந்த ஆட்டம் பிறந்தபோது நடைபாதையும் விளையாட்டு மைதானமும் விருந்து நடந்த கூடமும்தான் தரை. அட்டையும் லினோலியம் என்ற தரைவிரிப்பின் சுருளும் தோளில் ஏறித் தெருவுக்கு வந்ததற்குக் காரணம், சிமெண்டில் முதுகு சுழலாது என்பதுதான். இன்றைக்கும் அட்டையைவிட மலிவான பயிற்சித் தரை இல்லை. அதை விரிக்கும் முறையில்தான் எல்லாரும் தவறு செய்கிறார்கள்.

*நகர்ந்தால்:* முதலில் அட்டையின் அடியில் உள்ள தூசியைத் துடையுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே நின்றுவிடும். அடுத்து, அலமாரித் தட்டுகளிலும் கம்பளத்துக்கு அடியிலும் விரிக்கும் வலைபோன்ற ரப்பர் விரிப்பைக் கீழே போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நான்கு ஓரமும் முழு நீளத்துக்கு டேப் ஒட்ட வேண்டும். மூலைகளில் மட்டும் ஒட்டினால் நடுஓரம் மேலெழும்பிக் காலணியின் நுனியைப் பிடித்துக்கொள்ளும். துணியால் ஆன அகல டேப் நல்லது. பெட்டி ஒட்டும் பழுப்பு டேப், எடுக்கும்போது தரையில் பசையை விட்டுவிட்டு வரும். அதைச் சுரண்டிக்கொண்டு நின்றால் இடம் கொடுத்தவர் முகம் எப்படி மாறும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

*கிழிந்தால்:* குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டைப் பெட்டியைத் தேடுங்கள். மடிப்புக் கோடு நடுவில் வராதபடி வெட்டுங்கள். இரண்டு அடுக்கு போடுவதாக இருந்தால், உள்ளே இருக்கும் நெளிவுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையும்படி திருப்பி வையுங்கள்; நசுங்குவது வெகுவாகக் குறையும். உலோகக் கொக்கி ஏதாவது அட்டையில் இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவாமல், துணியால் தடவிப் பாருங்கள். துணி மாட்டினால் அங்கே கொக்கி இருக்கிறது.

*இணைப்பு இடித்தால்:* இரண்டு பலகை சேரும் இடத்தில் உயரம் ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டாலும் விரல் நகம் அதைக் கண்டுபிடித்துவிடும். பலகைகளுக்கு அடியில் இணைப்பு நெடுக ஒரே தடிமனுள்ள விரிப்பு இருக்க வேண்டும். மேலே டேப் ஒட்டிய பிறகு நகத்தைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். தட்டினால் பிரித்து மறுபடி வையுங்கள்.

*உப்பினால்:* மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை தண்ணீரைக் குடித்தால் விளிம்பு வீங்கும். வீங்கியது திரும்ப இறங்காது. ஈரத்துணியால் துடைப்பதை நிறுத்திவிட்டு உலர்துணிக்கு மாறுங்கள். படுக்கப் போட்டு வையுங்கள். சுவரில் சாய்த்தால் வளையும். வளைந்துவிட்டதென்றால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. அடுத்த முறை பிளைவுட் வாங்குங்கள். விலை கூடுதல், ஆயுளும் கூடுதல்.

கோளாறு: உருளும்போது எலும்பு இடிக்கிறது

இடுப்பெலும்பு, தோள்பட்டை, முதுகுத்தண்டின் முடிச்சுகள் ஆகியவற்றில் நீலம் பாய்கிறதா? புதிதாகக் கற்பவருக்கு முதல் சில வாரங்கள் இது எந்தத் தரையிலும் வரும். முழங்கை, முழங்கால் காப்புகளைப் போடுவதும், கால்சட்டைப் பையிலிருக்கும் சாவியையும் கைபேசியையும் எடுத்துவைப்பதும் முதல் வைத்தியம். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் சாவிக்கொத்தின் அச்சு தொடையில் பதிந்த காயத்தை நானே கட்டியிருக்கிறேன்.

அடுத்து, குதிகாலால் தரையை உதைத்துக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ‘டொம்’ என்று உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தால் மரச்சட்டங்களின்மேல் போட்ட தரை; அது உங்கள் எடையில் கொஞ்சத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். ‘டக்’ என்று முடிந்துபோனால் நேராகக் காங்கிரீட்டின்மேல் ஒட்டிய தரை. டைல்ஸ், கிரானைட், காங்கிரீட்டில் ஒட்டிய மரம் எல்லாம் இந்த இரண்டாம் வகை. மரம் என்பதாலேயே மென்மை என்று எண்ணிவிடக் கூடாது.

‘டக்’ தரை மட்டும்தான் இருக்கிறது என்றால், ஒன்றோடொன்று பொருந்தும் நுரை விரிப்புகளை அடியில் போட்டு, அதன்மேல் பிளைவுட் அல்லது எம்.டி.எஃப். பலகையைப் போடுங்கள். நுரை அடியை வாங்கிக்கொள்ளும். பலகை கையைத் தாங்கும். பலகை 12 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நடுவில் குழிந்து கொடுக்கும். நுரை மிகத் தடிமனாக இருந்தாலும் பலகை ஊஞ்சலாடும். முழங்காலால் நடுவில் அழுத்திப் பாருங்கள். ஓரம் எழும்பினால் நுரை அதிகம். தரையையே மாற்றி அமைக்கும் அளவுக்குக் குழுவுக்கு வசதி வந்தால், நடனத்துக்கும் விளையாட்டுக்குமான மிதவைத் தரை போடும் தொழிலாளரை அழையுங்கள். அதை நாமே செய்து பார்க்க வேண்டாம்.

ஒரே இடத்தில் வலி மூன்று வாரத்துக்குமேல் நீடித்தாலும், முதுகுத்தண்டின் நடுவில் விரலால் அழுத்தினால் சுரீரென்று வலித்தாலும், வலி காலுக்கு இறங்கினாலும் தரையைச் சோதிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கோளாறு: மணிக்கட்டு வலிக்கிறது

தரை கடினம் என்பதால்தான் மணிக்கட்டு வலிக்கிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, மென்மையான தரைதான் அதைவிட அதிகம் படுத்துகிறது. தடித்த மெத்தையில் கையை ஊன்றினால் உள்ளங்கையின் அடிப்பகுதி புதைந்து, மணிக்கட்டு தேவைக்குமேல் பின்னால் மடியும். ஜூடோ கூடத்தில் மாதக்கணக்கில் பயிற்சி செய்து வலியோடு வருபவர்களைக் கடினமான பலகைக்கு மாற்றியபோது வலி குறைந்ததைக் கண்டிருக்கிறேன். மெத்தை விண்ட்மில்லுக்கு நல்லது, கையில் நிற்கும் அசைவுகளுக்கு நல்லதல்ல.

சோதிக்க, மெத்தையில் ஒரு முறையும் வெறுந்தரையில் ஒரு முறையும் கையூன்றி எடையைச் சாயுங்கள். வலி எங்கே அதிகம்? மெத்தையில் என்றால் இடத்தை மாற்றுங்கள். வெறுந்தரையிலும் அதே அளவு என்றால் ஓய்வு கொடுங்கள். ஊன்றும்போது விரல்களை விரித்துத் தரையைக் கவ்வுங்கள்.

ஒன்றை மட்டும் ஒத்திப்போடாதீர்கள். கை ஊன்றி விழுந்த பிறகு, கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில் தெரியும் சிறு குழியில் அழுத்திப் பாருங்கள். அங்கே வலித்தால், வீக்கமே இல்லை என்றாலும், அன்றோ மறுநாளோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த இடத்திலுள்ள சிறிய எலும்பு முறிந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். சுளுக்கு என்று எண்ணி ஆடிக்கொண்டே இருந்தால் அது சரியாகக் கூடாமல் போய்விடும்.

கோளாறு: ஹெட்ஸ்பின்னில் உச்சந்தலை எரிகிறது, முடி உதிர்கிறது

தரையில் நேராகத் தலையை வைக்காதீர்கள். அவ்வளவுதான் முதல் வைத்தியம். உச்சியில் வழவழப்பான துணி தைத்த ஹெட்ஸ்பின் தொப்பி போட்டால், வழவழப்பான தரையில் தலை சீராகச் சுழலும். தொப்பி போட்டும் எரிகிறது என்றால், தொப்பியின் உள்ளே மணல் புகுந்திருக்கிறதா, தையல் உச்சியில் வருகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வழி. இந்த அசைவைப் பல்லாண்டு செய்தவர்களுக்கு உச்சியில் முடி உதிர்ந்து, தோல் தடித்துப் புடைப்பு வளர்வதை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். 2024இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான பதிவு, ஏறத்தாழ 19 ஆண்டுகள் பிரேக்கிங் ஆடிய ஒருவருக்கு அந்தப் புடைப்பை அறுவை சிகிச்சை செய்து அகற்றியதைச் சொல்கிறது. கையில் தட்டுப்படும் கட்டி எதுவாக இருந்தாலும் தோல் மருத்துவர் பார்க்கட்டும்.

தலை மோதி விழுந்த பிறகு வாந்தி, குழப்பம், மயக்கம் வந்தாலும், கழுத்தில் அடிபட்டுக் கையோ காலோ மரத்துப்போனாலும் ஆடியவரை எழுப்பி உட்கார வைக்காதீர்கள். அசைக்காமல் விட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கோளாறு: நல்ல தரை கிடைத்தது, ஆனால் விரட்டுகிறார்கள்

யார் விரட்டுகிறார் என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

*காவலாளி விரட்டினால்*, பெரும்பாலும் அவருக்கு நம்மேல் கோபமில்லை. மேலிருந்து கேள்வி வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவரிடம் வாதாடாமல், அனுமதி தரக்கூடியவர் யார் என்று கேளுங்கள். பகல் வேளையில், ஒருவர் அல்லது இருவர் மட்டும் போய் அந்த மனிதரைப் பாருங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், இசை எவ்வளவு சத்தத்தில் என்று நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். யாருக்காவது அடிபட்டால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கான பதிலையும் யோசித்துக்கொண்டு போங்கள். கிடைத்த அனுமதியை எழுத்தில் வாங்கி, அதன் நகலைக் காவலாளியிடமும் கொடுத்துவிடுங்கள். அவர் அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்ட நாளிலிருந்து நமக்குக் காவலாளி ஆகிவிடுவார்.

*தரையில் கோடு விழுகிறது என்று விரட்டினால்*, காலணியைப் பாருங்கள். அடியை வெள்ளைத்தாளில் அழுத்தித் தேயுங்கள். கறுப்புத் தீற்றல் விழுந்தால் அந்தக் காலணியை அங்கே போடக் கூடாது.

*கீழ்த்தளத்தார் புகார் சொன்னால்*, இசையைக் குறைப்பதால் மட்டும் தீராது. அவர்களுக்குக் கேட்பது பெரும்பாலும் நம் குதிகாலும் முழங்காலும் தரையில் விழும் அதிர்வு. நண்பரைக் கீழே நிற்கவைத்து, இசையே இல்லாமல் ஒரு சுற்று ஆடுங்கள். எந்த அசைவு எவ்வளவு கேட்கிறது என்று அவரே பட்டியல் சொல்வார். நுரை விரிப்பும் பலகையும் ஓரளவு அடக்கும். குதித்து விழும் அசைவுகளை மாலைக்குள் முடித்துவிட்டு, இரவில் மெதுவான ஃபுட்வொர்க் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் பிறகும் கேட்கிறது என்றால் அந்தக் கட்டடம் இதற்கு ஏற்றதல்ல. அயலாரோடு பகைத்துக்கொண்டு எந்த இடத்திலும் நெடுநாள் ஆட முடியாது.

கோளாறு: இடம் சின்னது, அல்லது இடமே இல்லை

முதலில், உங்களுக்கு உண்மையில் எவ்வளவு இடம் தேவை என்று அளந்து பாருங்கள். டாப்ராக்கும் ஃபுட்வொர்க்கின் அடிப்படையான சிக்ஸ் ஸ்டெப்பும் 2க்கு 2 மீட்டரில் அடங்கும். விண்ட்மில், ஃபிளேர் போன்றவற்றுக்கு 4க்கு 4 மீட்டர் இருந்தால் நிம்மதி. எப்படியும் நீட்டிய காலுக்கு அப்பால் ஒரு மீட்டர் சுவரோ தூணோ மேசை முனையோ இல்லாமல் இருக்க வேண்டும். வீட்டில் நாற்காலிகளை நகர்த்தினாலே முதல் வகைக்கு இடம் பிறந்துவிடும். வாரத்தில் நான்கு நாள் அங்கே ஃபுட்வொர்க்கும் ஃப்ரீஸும், ஒரு நாள் மட்டும் பெரிய இடத்தில் பவர் மூவ் என்று பிரித்தால், தேட வேண்டிய இடம் ஐந்தில் ஒன்றாகச் சுருங்குகிறது.

அந்த ஒரு நாளுக்கு எங்கே போவது? நடக்கும்போது கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு நடங்கள். கூரை உள்ள, மணல் வராத, மாலைக்குப்பின் ஆள் நடமாட்டம் குறையும், வழியை மறிக்காத இடம் வேண்டும். இரவில் உருவம் தெரியும் பெரிய கண்ணாடிச் சுவர் எதிரே இருந்தால் இன்னும் நல்லது. அலுவலகக் கட்டடங்களின் முகப்பு, சுரங்கப்பாதையின் அகலமான வளைவு, விடுமுறை நாளின் பள்ளி முற்றம், சமூகக் கூடத்தின் யாரும் கேட்காத காலை வேளை, தற்காப்புக் கலைக் கூடத்தின் வகுப்பில்லாத மணிநேரம் ஆகியவை என் அனுபவத்தில் பலன் தந்தவை. வெயிலில் கிடந்த தரையை மட்டும் முதலில் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஐந்து நொடி வைக்க முடியவில்லை என்றால் அங்கே உள்ளங்கையை ஊன்றி நிற்க முடியாது. புல்லும் மணலும் புரண்டு பழகுவதற்கு உதவும், சுழல உதவாது.

எதுவுமே அமையவில்லை என்றால் கடைசி வழி, நான்கைந்து பேர் சேர்ந்து கூடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது. பணம் கொடுக்கும் முன், பூட்டிய கதவுக்கு வெளியே நின்று பேசி முடித்துவிடாதீர்கள். உள்ளே போய்க் குதிகாலால் உதைத்துக் கேளுங்கள், முன்கையை வைத்து இழுங்கள், ஈரத்துணியால் ஒரு கோடு போடுங்கள், பந்தை உருட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. அதில் தேறினால் முதல் நாள் ஒரு துடைப்பமும் இரண்டு துணியும் எடுத்துக்கொண்டு கால்மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.